ராயபுரத்து மஞ்சள் ஜாம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எழும்பூரில் இறங்கினேன். தூத்துக்குடியிலிருந்து நானூறு மைலுக்கு மேல். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு என் சொல் கேட்பதை நிறுத்தியிருந்தது. பட்டணம் போய்வந்தவர்கள் மியூசியத்தையும் கடற்கரையையும் பற்றி எழுதுவார்கள். நான் இரண்டையும் பார்க்கவில்லை. என் தங்கை எஸ்தர் அடித்த தந்தியில் "உடனே வரவும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எதற்கு என்று சொல்லாத தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ரயிலில் வந்த ஒருவன் எத்தனை சாவுகளை நினைத்துப் பார்ப்பான் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

சைக்கிள் ரிக்ஷாக்காரர் ராயபுரத்துக்கு ஒரு ரூபாய் கேட்டார். பன்னிரண்டு அணாவுக்குப் படிந்தார். தூரம் மூன்று மைல் இருக்கும். துறைமுகத்துச் சுவரை ஒட்டிப் போகும்போது நிலக்கரிப் புழுதி பறந்து வந்து பல்லில் நறநறத்தது. எங்கள் ஊரும் துறைமுகம்தான். அங்கே காற்றில் உப்பு வரும், இங்கே கரி. சுவருக்கு மேலே கப்பல்களின் புகைபோக்கிகள் மட்டும் தெரிந்தன.

"கல்மண்டபத்தாண்ட எந்தக் கடை சார்?" என்று ரிக்ஷாக்காரர் கேட்டார்.

"தேவசகாயம் ரொட்டிக் கடை."

மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "இன்னா சார், கொயந்த செத்துப் பூட்ச்சே, அந்தக் கடையா?"

"என்ன குழந்தை?"

"குப்பத்துப் பொண்ணு சார். அந்தக் கடை மஞ்ச ஜாம் துன்னுச்சாம். ராத்திரியெல்லாம் வாந்தி, விடிய சொல்லோ பூட்ச்சு. கடைக்காரன் வெசம் வச்சிட்டான்னு குப்பமே கொதிச்சிக்கினு கீது. உன்ன தெரு மொனையில எறக்கி வுட்டுர்றேன். உள்ள நான் வரமாட்டேன், எனுக்கு இன்னாத்துக்குப் பேஜாரு."

தெரு முனையிலேயே இறக்கிவிட்டார். பன்னிரண்டு அணாவில் காலணா குறைக்கவில்லை.

மஞ்சள் ஜாம் என்றால் என்ன என்று நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் அதை லெமன் கர்ட் என்பார்கள். தயிருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எலுமிச்சம்பழச் சாறு, துருவிய தோல், முட்டை, வெண்ணெய், சர்க்கரை, இவ்வளவுதான். ஆனால் அடுப்பில் நேராக வைக்கக் கூடாது. ஒரு பானையில் தண்ணீர் கொதிக்க, அதன் வாயில் சின்னக் குண்டானை உட்காரவைத்து, ஆவிச் சூட்டிலேயே மரக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருக்க வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் முட்டை திரிந்துவிடும். சரியாக வந்தால் மஞ்சளாக, வழவழவென்று, கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும். அதை ரொட்டியில் தடவலாம். மாவுக் கிண்ணங்களைச் சுட்டு அவற்றில் நிரப்பி விற்றால் பண்டிகைப் பலகாரம். முன்பு ஒருமுறை வந்தபோது நான் அதில் நான்கு தின்றேன். புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காத ருசி.

எஸ்தரின் கணவர் தேவசகாயம் யுத்தத்துக்கு முன் ஒரு கப்பல் அதிகாரி வீட்டில் சமையல்காரருக்கு உதவியாக இருந்தார். அங்கே கற்றுக்கொண்டது. வெள்ளைக்காரக் குடும்பம் ஊருக்குக் கப்பல் ஏறிய பிறகு, ராயபுரத்தில் ரொட்டிக் கடை வைத்தார். ரயில்வேயில் வேலை பார்க்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் மாதா கோயில் திருவிழாக் கூட்டமும்தான் வாடிக்கை. சர்க்கரைக்குக் கண்ட்ரோல் வந்து ரேஷனில் அளந்து கொடுத்த நாட்களில்கூட எப்படியோ சமாளித்து இந்தப் பலகாரத்தை நிறுத்தாமல் போட்டுவந்தார்.

கடையின் பலகைக் கதவுகள் சாத்தியிருந்தன. கதவெல்லாம் மீன் கழிவை வாரி அடித்திருந்தார்கள். எதிரே நடுத்தெருவில் ஒரு ஆள், இடுப்பில் துண்டு மட்டும் கட்டியவன், மூடிய கடையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"வெளிய வாடா தேவ்டியா மவனே! எம் பொண்ண முழுங்கிட்டு உள்ள குந்திக்கினுகிறியா! பூட்டிக்கினா வுட்டுருவனா!"

அவன்தான் ஏழுமலை, செத்த குழந்தையின் அப்பன். கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். தினமும் இரண்டு வேளை வந்து தொண்டை கட்டும்வரை திட்டிவிட்டுப் போவானாம். நான் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

எஸ்தர் கதவைத் திறந்தாள், ஆறு மாதத்துக் கர்ப்பிணி. என்னைப் பார்த்ததும் அழவில்லை. அழுது முடித்த முகம். விஷயத்தை அவள்தான் சொன்னாள். திருவிழாவுக்குப் பெரிய ஆர்டர். வழக்கமாகக் காலையில் கிண்டுவதை, வேலை தாங்காது என்று முந்தின நாள் சாயங்காலமே கிண்டி, குண்டானிலேயே மூடி வைத்திருக்கிறார்கள். மறுநாள் பலகாரம் வாங்கிப் போனவர்களில் பலருக்கு வாந்தி, வயிற்று வலி; எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். பாத்திரம் தேய்க்கும் அஞ்சலையின் பெண் செல்லி, ஐந்து வயசு, பிழைக்கவில்லை. அந்தக் கடையில் ஒரு வழக்கம். ஜாம் குண்டானைக் கழுவுகிறவருக்கே அதன் வழிசல் சொந்தம். அஞ்சலை ஒட்டியதையெல்லாம் சுரண்டி இலையில் மடித்துக் குழந்தைக்குக் கொண்டுபோனாள்.

"போலீஸ்காரர் திங்கக்கிழமை வாக்குமூலம் எழுத வாராரு அண்ணே," என்றாள். "எங்க வீட்டுக்காரவ ஜெயிலுக்குப் போயிருவாவ. நீங்கதான் அவியளப் பேச வைக்கணும்."

"என்ன பேச வைக்கணும்?"

என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போனாள். மூலையில் அந்தக் குண்டான் கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்திப் பார்த்தேன். உள்பக்கம் தங்கம் மாதிரி மின்னியது.

பித்தளைப் பாத்திரத்தில் சமைக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். வெள்ளையாக இருக்க வேண்டும். பூச்சு போன பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும், பச்சையாக விஷம் ஊறும். எங்கள் அம்மா ஒரு ரசத்தைக்கூட அப்படிப்பட்ட பாத்திரத்தில் ஊற்ற விடமாட்டாள். இங்கே எலுமிச்சம்பழச் சாறு ராத்திரி முழுக்க அதில் கிடந்திருக்கிறது. ஓரத்தில் ஒட்டியதுதான் எல்லாவற்றிலும் அதிகமாக விஷம் குடித்திருக்கும். அதைத்தான் அந்தக் குழந்தை தின்றது.

தேவசகாயம் பின்னால் வந்து நின்றார். பாதி ஆளாக மெலிந்திருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாப்பிள்ளை, உங்களுக்கு அறிவு இருக்கா? ஈயம் பூசாத பாத்திரத்திலயா எலுமிச்சம்பழத்தைக் கிண்டுவீங்க?"

"போன மாசம்தான் பூசினது மச்சான்," என்றார் அமைதியாக.

"அப்புறம் எங்கே போச்சு பூச்சு?"

அவர் குண்டானை வாங்கி மறுபடியும் கவிழ்த்து வைத்தார். எஸ்தர்தான் வெடித்தாள். "அஞ்சலை தேச்சு எடுத்துட்டா அண்ணே! அவ வேலைக்கு வந்தே ஒரு வாரம்தான் ஆச்சு. குப்பத்துல மண்சட்டியும் அலுமினியமும்தான, அவ ஈயம் பூசின பாத்திரத்தைக் கண்டதில்ல. வெள்ளையா அழுக்குப் பிடிச்சிருக்குன்னு செங்கப்பொடியும் புளியும் போட்டுத் தேச்சிருக்கா. அன்னைக்கு அடுப்படி இருட்டுல இவியளும் கவனிக்கல. இதைப் போலீஸ்ல சொன்னா இவிய தப்பிச்சுக்கிடலாம். சொல்லமாட்டேங்காவ!"

"பிள்ளையப் புதைச்சுட்டு வந்தவகிட்ட, நீதான் கொன்னன்னு போலீஸ்காரன் போய்ச் சொல்லணுமா?" என்றார் தேவசகாயம். "அவ உசிரோட இருப்பாளா?"

"நம்ம பிள்ளைக்கு அப்பா வேண்டாமா?" என்றாள் எஸ்தர்.

நான் தங்கை பக்கம். அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. வேண்டுமென்று செய்யாத தவறுதான். ஆனால் செய்தது அவள். செய்யாதவர் ஏன் கம்பி எண்ண வேண்டும்? அன்று ராத்திரி சாப்பாட்டு வேளையில் மாப்பிள்ளையிடம் இதைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சுவரோடு பேசியது மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் கோயிலுக்குப் போகவில்லை. போகிற தைரியம் இல்லை. நான் துக்கம் விசாரிக்கக் காசிமேட்டுக் குப்பத்துக்குப் புறப்பட்டேன். உண்மையைச் சொன்னால், துக்கத்துக்காக மட்டும் போகவில்லை. விஷயம் தெரிந்தால் அஞ்சலை தாங்குவாளா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

கடையிலிருந்து குப்பத்துக்கு ஒரு மைலுக்குள்தான். ரயில் பாதையைத் தாண்டினால் மணல் தொடங்குகிறது. கடல் கொந்தளிப்பாக இருந்ததால் கட்டுமரங்களை எல்லாம் கட்டை பிரித்துக் கரையில் போட்டிருந்தார்கள். ஆண்கள் சும்மா உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலையில்லாத குப்பத்துக்கு வெளியூர்க்காரன் வருவது நல்லதல்ல என்பது அவர்கள் பார்வையிலேயே தெரிந்தது. நல்ல வேளையாக ஏழுமலை அங்கே இல்லை. கடை வாசலில் திட்டப் போயிருந்தான்.

அஞ்சலைக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. குடிசை வாசலில் இரண்டு சின்னப் பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் எஸ்தரின் அண்ணன் என்று சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து பாயை உதறிப் போட்டாள்.

"குந்துண்ணா. எஸ்தர் அக்கா எப்டிகீது? மாசமாகீற பொம்பள, சரியா துன்னுதா?"

"நடந்தது ரொம்பப் பெரிய கொடுமைம்மா," என்றேன்.

"எம் புருசன் வெசம் வச்சாங்கன்னு கத்திக்கினுகிறான். எனுக்கு அப்டித் தோணலண்ணா. அவுங்க நல்லவங்கதான். அந்த முட்ட கெட்டுப் பூட்டிருக்கும். இல்ல, யார்னா கண்ணு வச்சிருப்பாங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பாத்திரத்துல ஒரு கொறயும் இல்ல, அத்த மட்டும் போலீசாண்ட சொல்லு. என் வேலையில ஒர்த்தரும் கொற சொல்லக் கூடாது. எஸ்தர் அக்கா சொல்லிச்சு, திருவிழா வருது, அல்லாம் உள்ள வெளிய ஒரே மாரி மின்னணும்னு. அந்தக் குண்டான் உள்ள கலீஜா வெள்ள வெள்ளயா புட்ச்சிக்கினு இருந்துச்சு. கை தோலு உரிய உரியத் தேச்சண்ணா. கண்ணாடி மாரி ஆக்கிட்டுத்தான் வச்சேன். செல்லிக்கூட அன்னிக்கு என் கூட வந்துச்சு, குனிஞ்சி உள்ள பாத்து மூஞ்சி தெரியுதும்மானு சிரிச்சிது."

அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். தன் மேல் குறை இல்லை என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். அவள் கையைப் பார்த்தேன். விரல் முனைகளில் தோல் இன்னும் வளரவில்லை. நான் கொண்டுபோயிருந்த வாதம் எல்லாம் வாய்க்குள்ளேயே செத்துப்போயிற்று. அந்தப் பாயிலிருந்து எழுந்து, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் மணலில் நடந்தேன்.

சாயங்காலம் எஸ்தரைத் தனியாகக் கேட்டேன். "உள்ளயும் வெளியயும் மின்னணும்னு நீ சொன்னியா?"

அவள் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள். பிறகு, "சொன்னேன்," என்றாள். "பளபளன்னு இருக்கணும்னு சொன்னா ஈயத்தைச் சுரண்டுன்னா அர்த்தம்? நம்ம ஊர்ல இதை யாருக்காவது சொல்லிக் குடுக்கணுமாண்ணே? பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்லா. அவளுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மாப்பிள்ளைக்கு இது தெரியுமா?"

"பக்கத்துலதான் நின்னாவ, நான் சொல்லும்போது."

அப்போதுதான் அவருடைய மௌனம் எனக்கு முழுவதாகப் புரிந்தது. அவர் ஒரு பெண்ணை அல்ல, இரண்டு பெண்களைக் காத்துக்கொண்டிருந்தார். அவரை வாய்க்கு வந்தபடி பேசியதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. தங்கைமேல் கோபப்படவும் முடியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையான மனிதர், குண்டானைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தேவசகாயம் சொல்வதை எழுதினார்.

"பாத்திரத்துல ஈயம் இல்லைன்னு தெரியுமா?"

"கவனிக்காம விட்டுட்டேன்யா. பூச வேண்டிய நேரத்துல பூசல. முழுக்க என் தப்பு."

"கடைசியா எப்ப பூசினீங்க?"

"ஞாபகம் இல்ல."

"பாத்திரம் தேய்க்கிறவங்க யாராவது ஏதாவது பண்ணியிருக்கலாமா?"

"அவங்களுக்கு இதுல சம்பந்தமே இல்லைய்யா."

உள் கதவுக்குப் பின்னால் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். வந்து பேசுவாள் என்று நினைத்தேன். பேசவில்லை. தேவசகாயம் கையெழுத்துப் போட்டார். வழக்கு நடக்கும், தண்டனை கோர்ட்டின் கையில், தீர்ப்பு வரும்வரை கடை திறக்கக் கூடாது, வீட்டிலுள்ள பாத்திரங்களுக்கு எல்லாம் ஈயம் பூசி வையுங்கள் என்று சொல்லிவிட்டு சப் இன்ஸ்பெக்டர் போனார்.

செவ்வாய்க்கிழமை ஈயம் பூசுகிறவர் பின்கட்டில் குழி தோண்டித் துருத்தி வைத்தார். ஈயம் ஒட்டுவதற்குத் தூவும் நவச்சாரத்தின் புகை வீடெல்லாம் மூட்டம் போட்டது. பாத்திரங்கள் ஒவ்வொன்றாக உள்ளே வெள்ளி மாதிரி மாறி வெளியே வந்தன. அந்தக் குண்டானும் அவற்றில் ஒன்று. அதைத் தூக்கி எறியச் சொன்னேன். தேவசகாயம் கேட்கவில்லை. கடை இல்லாத வீட்டில் ஒரு பாத்திரத்தை எறிவதற்கு அவருக்கு மனம் வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் நான் கிளம்ப வேண்டும். ரிக்ஷாக்காரரைச் சந்துக்குள் வரச்சொல்லிப் பேசி வைத்திருந்தேன். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது பின்கதவு மெல்லத் தட்டப்பட்டது. அஞ்சலை நின்றாள்.

"அக்கா, வேல கீதா?" என்றாள் எஸ்தரிடம். "கடலு இன்னும் அடங்கல. பசங்க ரெண்டு நாளா கஞ்சித்தண்ணி. புருசனாண்ட சொல்லாம வந்துகிறேன். அவனுக்குக் கோவம்தான் கீது, பசங்களுக்கு வவுறுல்ல கீது."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே வரச் சொல்லி, சோறு போட்டு, பையன்களுக்கும் கட்டிக் கொடுத்தாள். அஞ்சலை சும்மா வாங்கிக்கொண்டு போகிறவள் இல்லை. சாப்பிட்டு எழுந்ததும் கிணற்றடியில் குவிந்திருந்த பாத்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்து செங்கப்பொடியை எடுத்தாள். முதலில் கைக்கு வந்தது அந்தக் குண்டான். உள்ளே பார்த்தாள்.

"இன்னாக்கா இது? நான் சுத்தமா எடுத்துட்டேனே, மறுபடியும் வெள்ள புட்ச்சிக்கிச்சா?" என்று சொல்லிக்கொண்டே புளியை வைத்துத் தேய்க்கப் போனாள்.

எஸ்தர் ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடிக்காமல் என்ன செய்வாள்? விட்டால் மறுபடியும் தேய்த்துவிடுவாள். "அது அழுக்கு இல்ல அஞ்சலை. பூச்சு. உள்ள அதைத் தேய்க்கக் கூடாது. தேச்சா... புளிப்பு வச்சா விஷமாயிரும். உனக்கு நான்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். நான் சொல்லல."

அஞ்சலை கையிலிருந்த புளியைப் பார்த்தாள். கிணற்றடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தேவசகாயம் கதவு வரை வந்து, கேட்டுவிட்டு, அப்படியே திரும்பிப் போனார்.

"நான் வர்றதுக்கு மின்ன நீ இத்த எப்டிக்கா தேய்ப்ப?" என்று அஞ்சலை கேட்டாள்.

"வெளிய மட்டும் புளி. உள்ள சாம்பல் தொட்டு லேசாக் கழுவுவேன்."

அஞ்சலை தலையை ஆட்டினாள். செங்கப்பொடியைத் தள்ளி வைத்துவிட்டுச் சாம்பலைத் தொட்டு, குண்டானின் உள்பக்கத்தை விரல்களால் மெதுவாகக் கழுவினாள். அதைக் கழுவி முடிக்க அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று. மற்ற பாத்திரங்களையும் அப்படியே கழுவிக் கவிழ்த்தாள். எஸ்தர் பக்கத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அஞ்சலை எழுந்து சோற்று மூட்டையை எடுத்துக்கொண்டாள்.

"எம் புருசனாண்ட சொல்லாதக்கா," என்றாள். "அவன் உங்களயே திட்டிக்கினு இருக்கட்டும்."

சந்து வழியாகப் போனாள். சற்று நேரத்தில் ரிக்ஷாக்காரர் மணி அடித்தார். தேவசகாயம் பெட்டியைத் தூக்கி வைத்தார். ரிக்ஷா சந்தைச் சுற்றிக்கொண்டு கடைத் தெருவுக்கு வந்தபோது ஏழுமலை அவன் வழக்கமான இடத்தில் நின்று மூடிய பலகைகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். குரல் கட்டிப்போய், பாதி வார்த்தை வெளியே வரவில்லை. வந்த அன்று அந்த வசவு எப்போது நிற்கும் என்று காதைப் பொத்திக்கொண்டவன் நான். தெரு முனை திரும்பும்வரை அது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு போனேன். அவன் தொண்டை இன்னும் கொஞ்ச நாள் தாங்க வேண்டுமே என்றுதான் இருந்தது.